சோப்புத்தூள் போட்டுத் துவைத்த ஃபில்டர்

தை, மாசி இரண்டு மாதமும் எங்கள் பக்கத்தில் காற்று என்று தனியாக ஒன்று கிடையாது. சம்பா அறுவடைக்கு வயலில் இறங்கும் அறுப்பு மெஷின், நெல்லைத் தொட்டிக்குள் தள்ளிவிட்டு மிச்சத்தை எல்லாம் ஊர் மேல் ஊதிவிடும். கருக்காய், வைக்கோல் துண்டு, அதற்கெல்லாம் மேலாகச் சுணை. கண்ணுக்கே தெரியாத அந்த நெல்முடி சட்டைக் காலருக்குள் போய்விட்டால் குளித்தாலும் அரிப்பு நிற்காது. கிழக்கே கடல்காற்று உப்பைக் கொண்டுவரும். மேற்கே விழுப்புரம்–நாகப்பட்டினம் நால்வழிச் சாலைக்கு மண் அடித்த லாரிகள் தங்கள் பங்குக்குப் புழுதியைத் தூவிவிட்டுப் போயின. பூம்புகாரில் நாங்கள் சுவாசிப்பது இந்த மூன்றும் கலந்த சரக்கைத்தான். என் காரும் அதைத்தான் சுவாசிக்கிறது.

கார் என்றால் கைமாறி வந்த டீசல் கார். இத்தாலியின் ஃபியட் கம்பெனி வடிவமைத்த 1248 சிசி என்ஜின். ஒரு காலத்தில் மாருதி, டாடா, ஃபியட் என்று ஆளுக்கொரு பெயர் வைத்து இதே என்ஜினைத்தான் விற்றார்கள். 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் பக்கமே போவதில்லை என்று கையைக் கழுவிவிட்டது. நாலு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை தன் கொள்ளளவுக்கு மூச்சிழுக்கும். ஆக, 2000 சுற்றில் ஓடும்போது ஏட்டுக் கணக்கில் நிமிடத்துக்குச் சுமார் 1,200 லிட்டர் காற்று. டர்போ ஊத ஆரம்பித்தால் அதற்கும் மேல். சும்மா உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்கு நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் போதும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததுதான் வினை. எனக்கே ஜலதோஷம் வந்தால் மாடி ஏற முடியவில்லை, 1,200 லிட்டர் இழுக்கிற ஜீவன் மூக்கடைப்போடு எப்படி ஓடும் என்று இரக்கம் வந்துவிட்டது. இரக்கம் வந்த கையோடு ஸ்க்ரூ டிரைவரும் வந்தது.

பானெட்டைத் திறந்தால் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருக்கும். ஏர் கிளீனர் பெட்டி. கிளிப்புகளை நெம்பி மூடியைத் தூக்கினேன். உள்ளே மடிப்பு மடிப்பாகப் பேப்பர். என்ஜின் பக்கம் பார்த்த மேல்புறம் மஞ்சள். காற்று வந்து மோதும் கீழ்ப்புறம் சாம்பல். கவிழ்த்துத் தட்டினால் கருக்காய் கொட்டியது. ஒரு தட்டானின் இறக்கை. நீல நைலான் வலை நூல் ஒரு துண்டு. மீனவர் தெருப் பக்கம் நிறுத்தியதற்கு அடையாளம். பெட்டியின் மூலையில் குளவி மண் குழைத்துக் கூடு கட்டிவிட்டு, வாடகை கொடுக்காமல் காலி செய்திருந்தது. ஒவ்வொரு மடிப்பின் அடியிலும் சுணை திரண்டு கிடந்தது. நகத்தால் கிள்ளி இழுத்தால் அறுபடாமல் நீளமாக வந்தது. இவ்வளவையும் அந்தப் பேப்பர் தடுத்திருக்கிறது. அதற்கு நான் செய்த மரியாதை, பக்கெட்டில் வெந்நீர் ஊற்றிச் சோப்புத்தூள் கலந்து அதை முக்கியெடுத்தது.

"ஏங்க, அது ஸ்பாஞ்சா, பேப்பரா?" என்றாள் என் சம்சாரம்.

"பேப்பர்தான். ஆனா இது வேற பேப்பர்."

பதில் சரிதான். அது பிசின் ஏற்றிய நார்த்தாள். அந்த நார்களுக்கு இடையே உள்ள கண்ணுக்குத் தெரியாத சந்துகளில்தான் தூசி சிக்குகிறது. வெந்நீரில் முக்கினால் நார் ஊதும், பிசின் விறைப்பு போகும், சந்துகள் சில அடைபடும், சில பிளந்துகொள்ளும். வேறு பேப்பர் என்று தெரிந்த எனக்கு, வேறு என்றால் என்ன என்பது அப்போது தெரியாது. கொடியில் பாவாடைக்கும் துண்டுக்கும் நடுவே கிளிப் போட்டுக் காயவைத்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் என்ன அது என்று கேட்டார்கள். விளக்கம் சொன்னேன். பெருமையாகவே சொன்னேன்.

காய்ந்ததும் பெட்டிக்குள் உட்கார மறுத்தது. மடிப்புகள் பரந்து, ஓர ரப்பர் நெளிந்து, நாலு மூலையும் நாலு திசை பார்த்தன. அமுக்கி உள்ளே தள்ளி மூடியைப் போட்டேன். ஒரு கிளிப் எட்டவில்லை. சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டினேன். இதைவிட ஃபில்டரே போடாமல் ஓட்டியிருக்கலாம். ஏனென்றால் காற்று சோம்பேறி. பேப்பரைத் துளைத்துக்கொண்டு கஷ்டப்பட்டுப் போவதைவிட ஓரத்து இடுக்கு வழியாகச் சுளுவாகப் போய்விடும், தூசியையும் கூட்டிக்கொண்டு. வயல் தூசியில் மணல் உண்டு. டர்போவின் விசிறி நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழலக்கூடியது. அந்த வேகத்தில் ஒரு மணல் துகள் போய் மோதினால் இறக்கையின் முனை தேயும். அதையும் தாண்டி உள்ளே போனது சிலிண்டரின் சுவரை உரசும். அந்தச் சேதம் உடனே தெரியாது என்பதால் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த வேலை குழாய்க்குள் சுத்தம் செய்வது. பெட்டியிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி, உள்ளே ஏதும் விழக்கூடாதே என்று திறந்த வாயில் பழைய லுங்கித் துணியைத் திணித்து வைத்தேன். இது நல்ல பழக்கம். பெரிய ஒர்க்‌ஷாப்பிலும் செய்வார்கள். மாட்டும்போது எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். சாவியைத் திருப்பினேன். வண்டி ஸ்டார்ட் ஆகி, ரெண்டு தும்மல் போட்டு, நின்றது. பேட்டரியைச் சந்தேகப்பட்டேன். டீசலைச் சந்தேகப்பட்டேன். டீசல் போட்ட பங்க்கைச் சந்தேகப்பட்டு நாலு பேரிடம் வாய்விட்டும் சொல்லிவிட்டேன். அப்புறம்தான் கொடியில் லுங்கியின் இன்னொரு பாதி கண்ணில் பட்டது. பங்க்காரரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் சந்தேகப்பட்டது அவருக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில் இருக்கிறேன்.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த ஹோஸின் வழியில், பெட்டியை ஒட்டி, ஒரு சின்ன சென்சார் இருந்தது. காற்றை அளக்கிற சென்சார். உள்ளே மெல்லிய தகடு. மின்சாரம் அதைச் சூடாக வைத்திருக்கும், போகிற காற்று அதைக் குளிர வைக்கும். சூடு இறங்காமல் தாக்குப்பிடிக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதைப் பார்த்து, எவ்வளவு காற்று போனது என்று வண்டியின் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். அழகான ஏற்பாடு. கொஞ்சம் எண்ணெய்ப் பசையும் தூசியும் படிந்திருந்தது. இதைத் துடைக்க இதற்கென்றே ஒரு ஸ்பிரே உண்டு. அடித்துவிட்டுக் கை வைக்காமல் காயவிட வேண்டும். நான் காது குடையும் பஞ்சுக்குச்சியைப் பெயிண்ட் தின்னரில் தோய்த்துக் குடைந்தேன். நன்றாகப் பளிச்சென்று ஆயிற்று.

அன்றைக்குச் சாயங்காலம் சீர்காழி போகும்போது டேஷ்போர்டில் என்ஜின் படம் மஞ்சளாக எரிந்தது. மேடு ஏறும் இடத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் வந்தது, வேகம் வரவில்லை. பின்கண்ணாடியில் பார்த்தால் கரும்புகை. என் பின்னால் வந்த மினி பஸ் டிரைவர், முந்திப் போகும்போது ஜன்னல் வழியாகச் சொன்னதை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

ஒர்க்‌ஷாப் பையன் ஸ்கேனரைச் சொருகினான். பி0101 என்று காட்டியது. காற்று அளக்கிற சென்சார் சொல்லும் கணக்கு நம்பும்படி இல்லை என்று அர்த்தம். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தகட்டில் பஞ்சு இழை ஒட்டிக்கொண்டிருந்தது.

"சார், இத யாரு சார் தொட்டா?"

"எங்க ஊர்ல ஒரு பையன். தெரிஞ்ச பையன்தான்."

"அவன்கிட்ட இனிமே வண்டிய விடாதீங்க சார்."

"விடமாட்டேன்," என்றேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பையன் மேல் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. சென்சாரின் விலையைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த விரும்பவில்லை. அந்தக் காசுக்கு ஃபில்டர் வாங்கியிருந்தால் கார் இருக்கும் வரைக்கும் வாங்க வேண்டியிருந்திருக்காது.

பட்டும் திருந்தாதவன் என்பதற்கு மேற்கொண்டு அத்தாட்சி வேண்டுமானால், அடுத்து நான் இறங்கியது அலங்கார வேலையில். கோன் ஃபில்டர் என்று ஒன்று. பெட்டியே இல்லாமல் கூம்பு வடிவில் திறந்த மேனிக்கு இருக்கும். எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் இந்த மாதிரி ஃபில்டர் செய்து உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது கே அண்ட் என் கம்பெனி. 1969-இல் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் மோட்டார் சைக்கிள்காரர்கள் தொடங்கியது. அதைத் துவைக்கலாம், மறுபடி எண்ணெய் தடவிப் போடலாம். துவைக்கலாம் என்றதும் எனக்குப் பிடித்துப்போயிற்று. வாங்கியது அதுவல்ல, அதைப் பார்த்து யாரோ செய்த, பெயர் இல்லாத ஒன்று, கடல் கடந்து பார்சலில் வந்தது. காவிரிப்பூம்பட்டினத்துக் கரையில் கப்பலில் வந்த குதிரைகள் இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. அந்த ஊர்க்காரன், குதிரைத்திறன் கூடும் என்று பெட்டி மேல் எழுதியிருந்த ஒரு சாமானை இறக்குமதி செய்தால் அது மரபுதானே என்று சம்சாரத்திடம் சொன்னேன். அவள் குதிரை எப்போது வரும் என்று கேட்டாள்.

வந்தது சத்தம்தான். ஆக்சிலேட்டரை மிதித்தால் 'ஸ்ஸ்ஸ்' என்று டர்போ மூச்சிழுப்பது உள்ளே வரைக்கும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போய், சிலப்பதிகாரக் கலைக்கூடத்து வாசலில் நிறுத்தி, தேவையில்லாமல் ரெண்டு தடவை மிதித்துக் காட்டினேன். 1973-இல் கட்டிய அந்த ஏழுநிலை மாடத்தைப் பார்க்க வந்த கூட்டம் திரும்பிப் பார்த்தது. சுண்டல் விற்ற பையன் கிட்டே வந்து, "அண்ணே, பஞ்சரா?" என்றான்.

குதிரை வராததற்குக் காரணம் இருக்கிறது. திறந்த ஃபில்டர் பானெட்டுக்குள் உட்கார்ந்து என்ஜினின் சூட்டுக் காற்றையே குடிக்கிறது. காற்று ஒவ்வொரு 3 டிகிரி சூடேறும்போதும் சுமார் 1 சதவீதம் அடர்த்தி குறைகிறது. கம்பெனிக்காரன் வைத்திருந்த பெட்டியோ, முன்னால் மேல்பக்கம், பானெட்டின் விளிம்பை ஒட்டி, வெளிக்காற்றை வாங்கும்படி மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. மேலும், டீசல் என்ஜினுக்குக் காற்றை அதிகம் கொடுத்தாலும், கம்ப்யூட்டர் டீசலைக் கூட்டிக் கொடுக்காத வரைக்கும் இழுவை கூடாது. இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது பணம் கட்டிய பிறகு.

சூட்டுக்காற்றுதானே பிரச்சினை, குளிர்ந்த காற்றைக் கொண்டுவந்தால் போயிற்று. தருமகுளம் கடைத்தெருவில் மூன்று அங்குல பிவிசி பைப்பும் ரெண்டு எல்போவும் வாங்கினேன்.

"மோட்டார் கொட்டகைக்கா அண்ணே?"

"ஆமா."

பொய் சொல்வது எனக்குப் பழகிவிட்டிருந்தது. பைப்பை முன் பம்பருக்குக் கீழே இறக்கி, வாயைத் தரையைப் பார்க்கத் திருப்பி, சொல்யூஷன் தடவி ஒட்டி, கட்டுக்கம்பியால் கட்டினேன். பிவிசி சுமார் 80 டிகிரியில் இளகத் தொடங்கும் சாமான். மயிலாடுதுறை போய்த் திரும்புவதற்குள், என்ஜினை ஒட்டியிருந்த எல்போ தொய்ந்து, பைப் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துவிட்டது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. மோட்டார் கொட்டகைப் பைப்பை அந்தச் சட்டம் கணக்கில் எடுக்குமா என்பதை வக்கீல்கள் சொல்லட்டும். என் சம்சாரம் கணக்கில் எடுத்துக்கொண்டாள்.

பெரியப்பா வந்திருந்த அன்று வண்டியைச் சுற்றிக் காட்டினேன். அவர் டிராக்டர்காரர். பழைய டிராக்டர், பேப்பர் ஃபில்டர் கிடையாது, ஆயில் பாத். உள்ளே வருகிற காற்று ஒரு கிண்ணத்து எண்ணெயில் மோதித் திரும்பும்போது தூசியை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். அறுவடை, உழவு நாட்களில் அந்தக் கிண்ணத்தைக் கழற்றிச் சேற்றைக் கொட்டி, டீசலில் அலசி, கோடு வரைக்கும் புது எண்ணெய் ஊற்றுவார். குனிந்து பைப்பின் வாயைப் பார்த்தார். தரையிலிருந்து சாண் உயரம்.

"ஏன்டா தம்பி, இந்த ஐப்பசி கார்த்திகைக்கு இது எதக் குடிக்கும்?"

எனக்குச் சட்டென்று உறைத்தது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் பக்கத்துச் சாலை எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் கிடந்ததை நேரில் பார்த்தவன் நான். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால் பிஸ்டன் மேலே வர இடமில்லாமல் கனெக்டிங் ராடு வளையும், என்ஜினே போகும். வெள்ளத்தில் ஓட்டும் ஜீப்புகளுக்கு மூச்சுக்குழாயைக் கூரை வரைக்கும் ஏற்றி வைப்பது இதனால்தான். காவிரி கடலில் கலக்கிற ஊரில் இருந்துகொண்டு நான் அதைத் தரைக்கு இறக்கியிருந்தேன்.

பெரியப்பா என்னைத் திட்டவில்லை. திண்ணையில் உட்கார்ந்து தன் கதையைச் சொன்னார். ஒரு தடவை, அடிக்கடி ஊற்றுவானேன் என்று கோட்டுக்கு மேலே எண்ணெயை ஊற்றிவிட்டாராம். கொஞ்ச நேரம் கழித்து டிராக்டர் தானாகவே சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போயிற்று. என்ஜின் காற்றோடு சேர்த்துக் கிண்ணத்து எண்ணெயையும் இழுத்து எரிக்க ஆரம்பித்துவிட்டது. நிறுத்துகிற ராடை இழுத்தால் டீசல்தான் நிற்கும். அதுதான் டீசல் இல்லாமலே ஓடுகிறதே. ஊரே வரப்பில் நின்று பார்த்ததாம். வாய்க்காலில் கிடந்த ஈரச் சாக்கை எடுத்துக் காற்று போகும் வாயில் அமுக்கி மூச்சை நிறுத்தித்தான் அதை அடக்கினார்.

"அன்னைக்கு யாரு எண்ணெய் ஊத்துனான்னு எங்க அப்பா கேட்டாரு. மெக்கானிக்குனு சொல்லிட்டேன்," என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் சொன்னதற்குப் பிறகும் பைப்பைக் கழற்ற எனக்கு மனசு வரவில்லை. கழற்ற வைத்தது வேறு ஆள். கோடைமழை பெய்த ஒரு ராத்திரிக்கு அப்புறம், காலையில் பானெட்டுக்குள்ளிருந்து 'கர்ர்ர்' என்று சத்தம். வண்டி ஸ்டார்ட்டில்கூட இல்லை. பைப்பைப் பிரித்துப் பார்த்தால், கோன் ஃபில்டரின் நுனியில் முதுகைச் சாய்த்து, கன்னம் துடிக்க, ஒரு தேரை உட்கார்ந்திருந்தது. குளிர்ந்த இருட்டு, மூன்று அங்குல அகலம், வாசல் தரைமட்டத்தில். மோட்டார் கொட்டகைப் பைப்பில் குடியிருந்து பழகிய ஜாதிக்கு இதைவிட என்ன வேண்டும்? என் மகன் அதைக் குச்சியால் தள்ளிக் கொல்லைக்கு ஓட்டினான். மறுநாள் காலையில் மறுபடி உள்ளே இருந்தது. நான் செய்த மாற்றத்தை மெச்சிய ஒரே ஜீவன்.

பழைய பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிக் குளவிக்கூட்டைச் சுரண்டிவிட்டு மாட்டினேன். புது பேப்பர் ஃபில்டர் போட்டேன். வண்டி முன்னைப்போல ஓடுகிறது. முன்னைவிட நன்றாக ஓடவில்லை, அதை எதிர்பார்க்கவும் இல்லை. பிவிசி பைப்பு இப்போது வாஷிங் மெஷின் தண்ணீரைத் தென்னைக்குக் கொண்டுபோகிறது. சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

நீங்களும் வீட்டில் இந்த வேலையைச் செய்வதாக இருந்தால் தடுக்கமாட்டேன், பத்து நிமிட வேலைதான். அறுவடைக் காலத்தில் கம்பெனிப் புத்தகம் சொல்வதற்கு முன்னாலேயே பெட்டியைத் திறந்து பாருங்கள். பேப்பரைத் தட்டிப் பாருங்கள். தட்டித் தீராவிட்டால் புதுசு வாங்குங்கள். பழையதைக் கையோடு கொண்டுபோனால் அளவு தவறாது. ஓர ரப்பர் சுற்றிலும் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து எல்லாக் கிளிப்பையும் மாட்டுங்கள். சென்சார் பக்கம் போக வேண்டாம். துணி திணித்தால் எடுத்துவிடுங்கள். இதையும் மீறி யாருக்காவது கோன் ஃபில்டர் வேண்டுமென்றால் என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது. துவைத்துவிட்டேன். தேரை இருந்த விஷயத்தைச் சொல்லித்தான் விற்கிறேன், விலை பேசிக்கொள்ளலாம்.